முதலில் பிராணி, பிறகு படகு

கப்பலிலா, தரையிலா? கலாபகோஸ் தீவுகளுக்குத் திட்டமிடுபவர்களைக் குழப்பும் கேள்வி இது. எதைப் பார்க்க ஆசை என்று தீர்மானித்துவிட்டால் விடை தானாகக் கிடைத்துவிடும்.

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. மேற்கே, பசிபிக் கடலில் உள்ள எரிமலைத் தீவுகள் இவை. 1835-ல் டார்வின் ஐந்து வாரம் சுற்றிய இடம். ராட்சத ஆமைகளைப் பார்க்கக் கப்பல் வேண்டாம். சான்டா குரூஸ் தீவில் அறை எடுத்து, மேட்டுப் பகுதிக்கு டாக்ஸி பிடித்தால் போதும். சான் கிறிஸ்டோபலில் கடல் சிங்கங்கள் ஊர் பெஞ்சுகளிலேயே படுத்துத் தூங்குகின்றன. செலவும் குறைவு. ஆனால் தீவு விட்டுத் தீவு போகும் வேகப் படகு வயிற்றைக் கலக்கிவிடும்.

பறக்க முடியாத நீர்க்காகம் ஃபெர்னாண்டினாவிலும் இசபெலாவின் மேற்கு, வடக்குக் கரைகளிலும் மட்டுமே உண்டு. அதற்குக் கப்பல்தான் சரி: இரவில் பயணம், விடிந்தால் வேறு தீவு. எஸ்பனோலாவின் அல்பட்ராஸுக்கு மாதம்தான் முக்கியம். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இருக்கும். பிப்ரவரியில் போனால் ஏமாற்றம்தான்.

2024 ஆகஸ்டில், பெரும்பாலான வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 ஆனது. பிராணிகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகியே நிற்க வேண்டும் என்பது விதி. அவை மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தித்தான் அந்தக் கால மாலுமிகள் ஆமைகளைக் கப்பல் கப்பலாக அள்ளிப் போய்த் தின்றார்கள். பின்டா தீவு இனத்தின் கடைசி ஆமை 2012-ல் இறந்தது.