டீயும் வடையும்

முக்கூடலில் பைக் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஆள் நிற்பதில்லை. ஆறு மாதத்தில் மூன்று பையன்கள் வந்தார்கள். ஸ்பானர் பிடிக்கப் பழகியதும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் கம்பெனிகளுக்கு பஸ் ஏறிவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பயலுவளுக்கு உடம்பு வளையமாட்டேங்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

வேலையும் முன்போல இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேப்பட் சத்தத்தைக் காதால் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் கோளாறு எண்ணையும் படிக்க வேண்டும். பேட்டை ஐ.டி.ஐ. முடித்தவன் முக்கூடலில் எதற்கு நிற்பான்?

போன வாரம் பீடி சுற்றும் ஓர் அம்மா மகனைக் கூட்டி வந்தார்.

"சம்பளம் என்ன தருவீய, அண்ணாச்சி?"

அவருக்குச் சுருக்கென்றது. அவர் தொழில் படித்த மூன்று வருஷமும் டீயும் வடையும்தான் கூலி. அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தவர்.

"தொழில் கத்துக் குடுக்கதே பெருசும்மா."

"எனக்கே ஆயிரம் பீடிக்கு இம்புட்டுன்னு கணக்கு உண்டும்லா?"

அண்ணாச்சி பதில் பேசவில்லை. பில் புத்தகத்தின் பின்பக்கம் ஒரு தொகையை எழுதினார். அடித்துவிட்டு, கொஞ்சம் கூட்டி எழுதினார்.