திருப்பித் தர வேண்டாத கட்டைகள்

லோரோங் கூலிட் சந்தையில் மர நூல்கட்டை ஒன்றின் விலை ஒரு வெள்ளியிலிருந்து எட்டு வெள்ளி வரை போகிறது. விலையை முடிவு செய்வது அதன் தலையில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம். காகிதம் கிழியாமல், கறுப்பும் பொன்னிறமுமாக, ‘ஜே. அண்ட் பி. கோட்ஸ்’ என்ற எழுத்து தெரிந்தால் எட்டு. காகிதம் உரிந்து பசை மட்டும் மஞ்சளாக மிஞ்சியிருந்தால் ஒன்று. பேரம் பேசினால் ஒரு வெள்ளிக்கு மூன்றுகூடக் கிடைக்கும்.

சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், காலையிலேயே தார்ப்பாய் விரித்துக் கடிகாரம், ரேடியோ, நாணயம், ஒற்றைச் செருப்பு என்று பரப்பி வைத்திருப்பார்கள். இந்த வியாபாரிகளில் பலர் முன்பு ஜாலான் பிந்தால் தாலியில் கடை போட்டவர்கள். பிந்தால் தாலி என்றால் கயிறு திரித்தல். ஆங்கிலத்திலும் அது ரோப் வாக்தான். கயிறு திரித்த தெரு பழைய சாமான் தெருவாகி, அங்கிருந்து தோல் சந்துக்கு இடம் மாறியது. லோரோங் கூலிட் என்றால் தோல் சந்து. பினாங்கில் தெருப்பெயர்களுக்கு மட்டும் நல்ல ஞாபகசக்தி.

பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பாயான் லெப்பாசிலிருந்து மோட்டாரில் இங்கே வருகிறேன். என்னிடம் இப்போது 217 கட்டைகள் இருக்கின்றன.

இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. கட்டைவிரல் நீளத்தில் ஓர் உருளை. இரண்டு முனையிலும் விளிம்பு. நடுவில் நேராக ஒரு துளை. நூல் தீர்ந்த பிறகு எங்கள் தலைமுறைப் பையன்களுக்கு அது டாங்கி. துளை வழியாக ரப்பர் பேண்டை நுழைத்து, ஒரு பக்கம் தீக்குச்சி ஒடித்து அடைத்து, மறுபக்கம் மெழுகுவத்தித் துண்டும் ஒரு குச்சியும் செருகி முறுக்கி விட்டால் தரையில் தானாகவே ஊர்ந்து போகும். விளிம்பைப் பல்பல்லாகச் செதுக்கினால் செருப்பின் மேலும் ஏறும். பக்கத்து வீட்டு மலாய்ப் பையன்கள் கட்டையை கெலென்டோங் என்பார்கள். விளையாட்டு ஒன்றுதான்.

இப்போது டாங்கி செய்ய யாரும் கட்டை வாங்குவதில்லை. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு பழைய கடைவீடுகள் பல காப்பிக்கடைகளாயின. காப்பிக்கடைச் சுவருக்கு ஏதாவது பழசு வேண்டும். போன வருடம் ஒருவர் என்னிடம் 200 கட்டைகளை மொத்தமாக ஆயிரம் வெள்ளிக்குக் கேட்டார். காகிதத்தைச் சுரண்டிவிட்டு நீலமும் பச்சையும் அடித்துக் கயிற்றில் கோர்த்துத் திரையாகத் தொங்கவிடப் போவதாகச் சொன்னார். நான் தரவில்லை.

“குடுத்திரு லா. எடத்த அடைச்சுக்கிட்டு கெடக்கு” என்றார் அம்மா.

மறுபயன்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. எங்கள் வீட்டு அலமாரிக் கைப்பிடிகள் நூல்கட்டைகள்தாம். பாதியாக அறுத்துத் திருகாணி போட்டு முடுக்கியவை. சட்டை மாட்டும் கொக்கிகளும் அவைதாம். நான்கு சின்ன ஆணி அடித்த கட்டையில் கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றி அக்கா மகள் வால் மாதிரி ஒரு கயிறு பின்னிக்கொண்டே போகிறாள். ஆனால் காகிதத்தைச் சுரண்டுவது வேறு. அந்தக் காகிதத்தில் ஊர் இருக்கிறது, எண் இருக்கிறது, நீளம் இருக்கிறது. 200 கஜம், எண் 40, ஆறு புரி. எண் கூடக்கூட நூல் மெல்லிசாகும். ஆறு புரி என்பது தையல் மெஷினுக்காக வந்தது. கைத்தையலுக்கு மூன்று புரி போதும். மெஷின் இழுக்கும் வேகத்துக்கு அது தாங்காது.

காகிதத்தில் இருக்கும் ஊர் பெய்ஸ்லி, ஸ்காட்லாந்து. பருத்தித் தையல் நூலின் கதையே அந்த ஊரில்தான் தொடங்குகிறது என்பார்கள். தறியின் விழுதுகளுக்கு அங்கே பட்டுநூல்தான் கட்டுவார்கள். நெப்போலியன் பிரிட்டனோடு நடந்த வணிகத்தைத் தடுத்ததும் பட்டு வருவது நின்றுபோனது. 1806 வாக்கில் கிளார்க் குடும்பத்தார் பட்டுக்குப் பதிலாகப் பருத்தியில் வழுவழுப்பாக ஒரு நூல் முறுக்கினார்கள். விழுதுக்கு ஆகிற நூல் தையலுக்கும் ஆகும் என்று பிறகு தெரிந்தது. அப்போதெல்லாம் நூலைச் சிட்டமாகத்தான் விற்பார்கள். வாங்கிப் போய் வீட்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். கிளார்க் கடையில் மரக்கட்டையில் சுற்றித் தர ஆரம்பித்தார்கள். கட்டைக்கு அரை பென்னி தனி. காலிக் கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த அரை பென்னி திரும்பக் கிடைக்கும். சோடா பாட்டில் கணக்குதான்.

அதே ஊரில் கோட்ஸ் குடும்பம் 1826இல் தன் ஆலையைக் கட்டியது. கிளார்க்கும் கோட்ஸும் தலைமுறை தலைமுறையாகப் போட்டி போட்டு 1896இல் ஒரே கம்பெனியாகிவிட்டன. அதற்குள் அரை பென்னி வழக்கம் எல்லாம் போய்விட்டது. கட்டை லட்சக்கணக்கில் கடையப்பட்டது. பெரும்பாலும் பிர்ச் மரம். வெளுப்பாக இருக்கும், நார் தெரியாது, கடைந்தால் வழுவழுக்கும். ஸ்காட்லாந்து மரம் போதாமல் பின்லாந்திலிருந்து கட்டையாகவே கப்பலேறி வந்தது. இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் ஸ்டாட் பார்க் என்று 1835இல் தொடங்கிய கட்டை ஆலை ஒன்று இருக்கிறது. நூற்பாலைகளுக்கு வாரத்துக்கு இரண்டரை லட்சம் கட்டைகள்வரை கடைந்த இடம். தூசிக்குள் நின்று வேலை செய்தவர்களில் பலர் சிறுவர்கள். பிளாஸ்டிக் வந்த பிறகு 1971இல் மூடினார்கள். இப்போது அது அருங்காட்சியகம்.

கோட்ஸ் என்றதும் சிலருக்கு மதுரா கோட்ஸ் நினைவுக்கு வரும். அது பிற்பாடு சேர்ந்த உறவு. மதுரை, அம்பாசமுத்திரம், தூத்துக்குடி ஆலைகளை நடத்தியவர்கள் ஹார்வி சகோதரர்கள். 1908இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நடத்திய வேலைநிறுத்தம் இந்த ஹார்விகளுக்கு எதிரானதுதான். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டார்கள். மதுரா மில்ஸ் கோட்ஸோடு இணைந்தது 1974இல். என் கட்டைகளில் எதுவும் அங்கிருந்து வந்ததில்லை. இருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் லீவுக்காகப் பஞ்சாலை ஆட்கள் தெருவில் இறங்கினார்கள் என்று அம்மாவிடம் சொன்னபோது, “எங்களுக்கு ஞாயித்துக்கெழமைதான் டபுள் சம்பளம். நாங்களே கேட்டு வாங்கி வேல செய்வோம்” என்றார்.

அம்மா 1979இல், பதினெட்டு வயதில், நிபோங் திபாலுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தீவுக்கு வந்தவர். வயல்களாக இருந்த பாயான் லெப்பாசை மேடாக்கி 1972இல் தடையற்ற வணிக வட்டாரம் ஆக்கியிருந்தார்கள். முதலில் வந்த எட்டு கம்பெனிகளைப் பினாங்கில் இன்றைக்கும் எட்டு சாமுராய் என்பார்கள். அவற்றுக்கும் பின்னால் வந்தவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள். பாலம் 1985இல்தான் திறந்தது. அதனால் தினமும் பெரியில் வந்து போவது பெரும்பாடு. சுங்கை நிபோங்கில் ஒரு அறையில் ஆறு பேர். மூன்று ஷிப்ட் என்பதால் பாய் மூன்றுதான்.

அம்மாவுக்குக் கொடுத்த வேலை பாண்டிங். சில்லையும் அதன் கால்களையும் தங்கக் கம்பியால் இணைப்பது. கம்பியின் தடிமன் ஆயிரத்தில் ஓர் அங்குலம். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். கம்பி சின்ன அலுமினியச் சுருளில் சுற்றி வரும். அதன் நுனியை இடுக்கியால் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளைக்குள் கோர்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அறுந்தால் மறுபடி கோர்க்க வேண்டும்.

“ஊசி கோக்கத் தெரியுமான்னுதான் இன்டர்வியூல கேட்டாங்க. தெரியும்னேன். அவ்ளோதான்.”

சுருளை எண்ணிக் கொடுப்பார்கள், எண்ணி வாங்குவார்கள். தங்கமாயிற்றே. கம்பி தீர்ந்த காலிச் சுருளுக்கும் கையெழுத்து வேண்டும். நானும் இப்போது அதே வட்டாரத்தில் வேறொரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பாண்டிங்கை மெஷினே செய்கிறது, நொடிக்குப் பல இணைப்புகள். தங்கம் விலை ஏற ஏற செம்புக் கம்பிக்கு மாறியவர்கள் நிறைய. காலிச் சுருளை மட்டும் இன்னமும் எண்ணித்தான் திருப்பி அனுப்புகிறோம்.

முதல் வருட போனசில் அம்மா பழைய சிங்கர் மிதி மெஷின் ஒன்று வாங்கினார். லெபோ பசாரில் வயதான தமிழ் முஸ்லிம் தையல்காரர் ஒருவர், ஷிப்ட் இல்லாத நாட்களில் ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் கடையில் ஒரு மைலோ டின் நிறைய மரக்கட்டைகள். அப்போதே பழசு. நூல் பிளாஸ்டிக் கட்டையில் வரத் தொடங்கியிருந்தது. கடையை மூடிவிட்டு அவர் ஊருக்குப் போனபோது அந்த டின்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். “இதத் திருப்பித் தர வேணாம்மா” என்றாராம். 38 கட்டைகள். என் சேகரிப்பு அந்த டின்னில் தொடங்கியது.

மரத்துக்குப் பினாங்குக் காற்று ஆகாது. பூஞ்சணம் பூக்கும். வெயிலில் காய வைத்து, கோங் குவான் பிஸ்கட் டின்களில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே வைத்திருக்கிறேன். பாயான் லெப்பாசில் சிலிக்கா ஜெல்லுக்கு மட்டும் பஞ்சமே வராது.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் பார்வை நடுவில் மங்கத் தொடங்கியது. ஓரத்தில் இருப்பது தெரியும். நேராகப் பார்க்கும் இடம் கலங்கலாக இருக்கும். டாக்டர் விழித்திரை என்றார், வயசு என்றார். பதினோரு வருடம் மைக்ராஸ்கோப் பார்த்த கண் என்று நான் சொன்னேன். அதையும் இதையும் முடிச்சுப் போட முடியாது என்றார். அம்மா எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மெஷினுக்குத் துணி போட்டு மூடினார்.

நேர்த்தையலை அம்மா கையாலேயே உணர்ந்து அடித்துவிடுவார். தலையணை உறை, பாவாடை எல்லாம் பிரச்சினை இல்லை. நூலின் நிறம்தான் தெரியவில்லை. கறுப்பும் கருநீலமும் ஒன்றாகிவிட்டன. பக்கத்து வீட்டு மக்சிக்கின் வெள்ளை உறைக்கு வெளிர்மஞ்சள் நூல் போட்டுவிட்டு, அவர் எதுவும் சொல்லாமல் வாங்கிப் போனது தெரிய வந்ததும் தையலே வேண்டாம் என்றார்.

ஒரு நாள் என் டின்னைத் திறந்து ஒவ்வொரு கட்டையாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றின் விளிம்பில் பழைய வெட்டு ஒன்று இருந்தது. நூல் நுனி அவிழாமல் செருகி வைக்கும் கீறல்.

“ஏய்யா, இந்த மாதிரி வெட்டுப் போட்டுக் குடு. ஒண்ணு போட்டா வெள்ள. ரெண்டு போட்டா கறுப்பு.”

“பிளாஸ்டிக் கட்டையில போட்டுத் தரேம்மா.”

“அது வழுக்குது. வெட்டுனா ஒடைஞ்சி கையக் கீறுது. இதுலயே போடு.”

காகிதம் போன கட்டைகளை எடுத்து வந்தேன். அவை பெரும்பாலும் சின்னவை, நூல் அதிகம் பிடிக்காது. அம்மா கேட்டது பெரிய விளிம்புள்ளவை. அதாவது எட்டு வெள்ளிக் கட்டைகள். அவற்றில் இரண்டில் காகிதம் இரண்டு பக்கமும் முழுசாக இருக்கிறது. வெட்டு போட்டால் காகிதமும் வெட்டுப்படும்.

“காயிதம் கிழியும்மா.”

“காயிதத்த வச்சி நான் என்ன படிக்கவா போறேன்?”

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வாரமும் அம்மா தினம் ஒரு தடவை கேட்டார். பிறகு அரம் எடுத்து உட்கார்ந்தேன். முக்கோண அரத்தால் விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தால் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுகிறது. ஒன்று வெள்ளை, இரண்டு கறுப்பு, மூன்று கருநீலம், நான்கு சிவப்பு. ஐந்துக்கு மேல் போட்டால் எண்ணுவதற்குள் விரல் குழம்புகிறது என்று அம்மா சொன்னார். அதனால் மஞ்சளுக்கு விளிம்பில் துளை. பச்சைக்கு இரண்டு துளை.

கடையில் கிடைக்கும் பெரிய கோன் நூலைக் கட்டைக்கு மாற்ற வேண்டும். டிரில்லின் வாயில் பென்சிலைப் பிடிக்க வைத்து, பென்சிலைக் கட்டையின் துளையில் இறுக்கிச் செருகி, மெதுவாகச் சுழல விட்டால் ஒரு கட்டை இரண்டே நிமிடத்தில் நிறைந்துவிடும். நூலை விரலிடுக்கில் லேசாக அழுத்திப் பிடித்து இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் குவிந்து, தைக்கும்போது சிக்கும். மெஷினில் நிறம் மாற்றும்போது பழைய நூலின் நுனியில் புதியதை முடிந்து இழுத்தால் ஊசிவரை வந்துவிடும். ஊசிக்கண் மட்டும் என் வேலை. கையூசிகளை ஞாயிறு இரவில் கோர்த்துவிடுகிறேன். ஒரே கட்டையின் நூலில் பத்து ஊசிகளை வரிசையாகக் கோர்த்து வைத்தால், அம்மா முதல் ஊசியை வேண்டிய நீளத்துக்கு இழுத்து, மீதி ஒன்பதையும் பின்னால் தள்ளிவிட்டு நூலை வெட்டிக்கொள்வார். இது அவரே சொல்லிக்கொடுத்த வழி. ஒன்பதாவது ஊசி வியாழக்கிழமை தீர்கிறது, பத்தாவதை வெள்ளிக்கு என்று வைத்துக்கொள்கிறார்.

காப்பிக்கடைக்காரர் போன மாதம் மறுபடி கேட்டார். வெட்டு போட்ட கட்டைகளின் படத்தைக் காட்டினேன். சேதமான சரக்கு என்று விலையைக் குறைத்தார்.

இதுவரை 24 கட்டைகளில் வெட்டு போட்டாயிற்று. போன வாரம் மக்சிக் பேத்தியின் கல்யாணத்துக்கு ஊதா நிறத்தில் பாஜு கூரோங் தைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஊதாவுக்கு என்ன அடையாளம் போடுவது என்று அம்மாவும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. விளிம்பை ஒரு பக்கம் தட்டையாகச் சீவிவிடச் சொல்கிறார். சீவினால் கட்டை உருளாது, மேசையிலிருந்து விழாது என்பது அவர் கணக்கு.