நீல மாளிகையும் எங்கள் லயத்து வீடும்

கோலா தெர்லாவில் விடியற்காலை கிளம்பினால் கம்போங் ராஜா வரை பனிமூட்டம் கூடவே வரும். சிம்பாங் பூலாய் இறக்கத்தில்தான் வெயில் முகத்தில் அடிக்கும். ஈப்போவைத் தாண்டி வடக்கே விரட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் பினாங்கு வந்துவிடலாம். போன மாதம் உறவுக்காரர் திருமணத்துக்காக அம்மாவோடு அப்படித்தான் போனேன். திருமணம் மறுநாள். கையில் அரை நாள் மிச்சம் இருந்தது.

"எங்கயாச்சும் பெரிய வீடா பார்த்துட்டு வரலாம்யா" என்றார் அம்மா. தேயிலைத் தோட்டத்து லயத்தில் முப்பது வருஷம் குடியிருந்தவருக்கு அப்படி ஓர் ஆசை.

ஜோர்ஜ்டவுனில் லீத் தெருவுக்கு அழைத்துப் போனேன். அங்கே நிற்கிறது சியோங் ஃபாட் சே மாளிகை. சுவரெல்லாம் அடர்நீலம். அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசியது அது. அந்தக் காலத்தில் அவுரி இந்தியாவிலிருந்து வந்ததாம். அம்மாவுக்கு இதைக் கேட்டதும் ஒரு சந்தோஷம். "நம்ம ஊரு சாயமா?" என்று சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் 1840இல் ஏழையாகப் பிறந்த சியோங் ஃபாட் சே, பிழைக்க வந்த இடம் இன்றைய ஜாகர்த்தா. பிறகு பெரும் வணிகராகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கினார். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 சன்னல்கள். இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை. கூரை விளிம்பில் பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த பூவும் பறவையும். முற்றத்தில் மழை நேராக விழுகிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முற்றம் புதிதாகத் தெரியாது.

1916இல் இறக்கும் முன் அவர் உயிலில் ஒன்று எழுதி வைத்தார்: கடைசி மகன் உயிரோடு இருக்கும் வரை வீட்டை விற்கக் கூடாது. அப்போது அந்தக் கடைசி மகன் சின்னக் குழந்தை. எழுபது வருஷத்துக்கும் மேல் வீடு விற்பனைக்கு வரவில்லை. ஆனால் பராமரிக்கப் பணமும் வரவில்லை. அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். பல குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் நடத்தின. முற்றத்தில் துணி காய்ந்தது. கூரை ஒழுகியது.

1989இல் மகன் மறைந்தார். வீடு விலைக்கு வந்தது. ஊரும் அதற்குள் மாறிப்போயிருந்தது. நடந்து போகும் தூரத்தில் 65 மாடிக் கொம்தார் எழுந்துவிட்டது. பழைய வீட்டை இடித்துவிட்டு மனையை விற்பதுதான் அன்றைய வழக்கம். கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ, அவர் மனைவி லின் லீ உள்ளிட்ட சிலர் சேர்ந்து வாங்கினதால் மாளிகை தப்பியது. பல வருஷம் பழுது பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. இன்று அது தங்கும் விடுதி. சுற்றிக் காட்ட ஆளும் உண்டு.

எல்லாம் கேட்டு முடித்த அம்மா மெதுவாக என்னிடம் கேட்டார்: "இங்க குடியிருந்தவங்கள்லாம் எங்கய்யா போனாங்க?"

என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. உரிமையாளருக்கு வருமானம் குறைவு. அதனால் பழுது பார்க்கவில்லை. குடியிருந்தவரை எளிதில் எழுப்பவும் முடியாது. அதனால் இடிக்கவும் இல்லை. தையல்காரரும் பூக்காரரும் மூட்டை தூக்குபவரும் நகரின் நடுவிலேயே வாழ்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தச் சட்டம் இல்லை. வாடகை ஏறியது, பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காலியான கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

யோசித்துப் பார்த்தால் இந்தப் பழைய வீடுகளை முதலில் காத்தவர்கள் அவற்றில் ஒண்டியிருந்த ஏழைகள்தான். பணம் பிறகுதான் வந்தது. பெயர்ப் பலகையில் இடம் பிடித்தது மட்டும் பணம்.

சாயங்காலம் பினாங்கு வீதிக்கு நடந்தோம். அங்கே நகரத்தார்களின் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படும். அக்கம்பக்கத்தில் எத்தனையோ கை மாறியும் வருஷத்துக்கு ஒருமுறை அந்த வாசலில் ஊரே கூடுகிறது. அம்மா வாசலில் நின்று கும்பிட்டார்.

திரும்பி வரும்போது காரில் எங்கள் லயத்து வீட்டைப் பற்றிப் பேசினார். அப்பாவுக்கு வேலை ஓய்வு வந்ததும் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. அம்மா கடைசியாக ஒருமுறை கூட்டிப் பெருக்கி, அடுப்படியைச் சாணம் போட்டு மெழுகிவிட்டுத்தான் சாவியைக் கிராணியிடம் கொடுத்தார். "விக்கிறதுக்கு அது நம்ம வீடா என்ன" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நாமதான்யா அதை வீடா வச்சிருந்தோம்" என்றார்.

பினாங்கு போகிறவர்கள் நீல மாளிகையை அவசியம் பாருங்கள். சுற்றிக் காட்டுபவர் கேள்வி உண்டா என்று கேட்டால், அம்மாவின் கேள்வியையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.