ஒன்றுக்குப் பின் பத்து

எண்ணத் தெரியாதவன் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும். எனக்கு வராது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒழுங்காக அடுக்கத் தெரியாமல், ஊரில் ஒரு முதியவரை இரண்டு நாள் பட்டினி போட்டவன் நான்.

என் அப்பாயி முசிறிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். கைப்பேசியில் படம் பார்க்க அவருக்குப் பிடிக்காது. விரல் பட்டால் ஓடிவிடுகிறதாம். "தாள்ல போட்டு அனுப்பு சாமி, மடியில வச்சுப் பார்த்துக்கறேன்" என்பார். காசிக்கு வந்த முதல் ஆண்டு, பொங்கல் முடிந்ததும் அந்த ஆசையை நிறைவேற்ற எண்ணினேன்.

பன்னிரண்டு படங்கள் தேர்ந்தேன். முதலாவது, வீட்டு வாசலில் விடைபெற்றது. பிறகு ரயில், கிருஷ்ணா நதிப் பாலம், பல்கலைக்கழகத்தின் சிங்க வாயில், விடுதி அறை, பாரதியார் வாழ்ந்த அனுமான் கட்டம், விசுவநாதர் கோயில், வகுப்புத் தோழர்கள். ஒன்பதாவது, காய்ச்சலில் மருத்துவமனைக் கட்டிலில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தது. அதை ஏன் சேர்த்தேன்? காய்ச்சல் செய்தி முன்பே ஊருக்கு எட்டியிருந்தது. எதையும் மறைக்கவில்லை என்று அவர் அறிய வேண்டும் அல்லவா? பத்தாவதில் எழுந்து நின்றேன், பதினொன்றில் நூலகம், பன்னிரண்டில் பொங்கல் விருந்து.

படங்களில் பாதி நண்பர்கள் எடுத்தவை. கைப்பேசி வழியே அனுப்பும்போது எடுத்த நாளும் நேரமும் உதிர்ந்துபோயிருந்தன. ஆகவே, 1, 2, 3 என்று நானே பெயரிட்டேன். லங்காக் கடைத்தெருவில் ஒரு கணினி நிலையத்தில், வரிசைக்கு மூன்றாக, நான்கு வரிசையில் ஒரே தாளில் அச்சிட்டு வாங்கினேன். மாலை வகுப்பு அவசரம். பாராமலே உறையிலிட்டு அஞ்சலில் சேர்த்தேன்.

ஐந்தாறு நாள் கழித்து அப்பாவின் குரல்: "என்னடா அனுப்பினே? அப்பாயி நேத்திலிருந்து சோறு தொட மாட்டேங்கறாங்க!"

அப்பாயியிடம் பேசினேன். "நான் நல்லா இருக்கேன் அப்பாயி."

"குரல் நல்லாத்தான் இருக்கு. கடைசிப் படத்துல படுத்துக் கெடக்கறியே கண்ணு! எல்லாரும் சேர்ந்து மறைக்கறீங்க."

கடைசிப் படமா? கடையில் வைத்திருந்த கோப்பைத் திறந்து பார்த்தபோது தலை சுற்றியது. ஒன்றை அடுத்துப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு; அதன் பிறகே இரண்டு, மூன்று என்று போய் ஒன்பதில் முடிந்திருந்தது! வாசலில் விடைபெற்றவன், விருந்துண்டு, ரயிலேறி, கடைசியில் கட்டிலில் விழுந்துவிட்டான்.

குற்றம் கணினியுடையதன்று. சில மென்பொருள்கள் பெயரை அகராதி போல எழுத்தெழுத்தாக ஒப்பிடும். பத்தின் முதல் எழுத்து 1. அது இரண்டுக்கு முந்தியது. அவ்வளவுதான் அதன் கணக்கு. 01, 02 என்று சுழியம் சேர்த்திருந்தால் வரிசை தானே அமைந்திருக்கும். பழைய படச்சுருளில் இந்தத் தொல்லை இல்லை. 36 படங்களையும் ஆறாறாக வெட்டி, 8க்கு 10 அங்குலத் தாளில் பதித்தால், எடுத்த வரிசை சுருளிலேயே இருக்கும். இன்றோ படங்கள் உதிரிப் பூக்கள்; தொடுப்பவன் கையில்தான் ஒழுங்கு.

அன்றிரவே பெயர்களைத் திருத்தினேன். தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். படத்துக்கு 60 மில்லிமீட்டர் ஒதுக்கினேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் சுமார் 700 புள்ளி அகலம் போதும். உயரத்தில் மிஞ்சிய இடத்தில், ஒவ்வொரு படத்தின் கீழும் பெரிய எழுத்தில் எண்ணும் தேதியும் இட்டேன். இம்முறை அச்சான தாளை மும்முறை விரலால் தொட்டு எண்ணிய பிறகே விரைவு அஞ்சலில் அனுப்பினேன். அப்பாவிடம் ஒரு படியைக் கைப்பேசியில் அனுப்பி, ஊரிலேயே உடனே அச்சிட்டுக் காட்டச் சொன்னேன். அன்று மாலை அப்பாயி கஞ்சி குடித்தார் என்று செய்தி வந்தது.

நண்பர்களே, உண்மையான படங்களே வரிசை மாறினால் பொய் சொல்லும். வீட்டுக்கு அனுப்புமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். அந்தத் தாள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. ஒன்பதாம் படத்தின் மேல் மட்டும் திருநீற்றுக் கறை. "இது என்ன அப்பாயி?" என்றேன்.

"காய்ச்சல்ல கெடந்தே இல்ல, அதான் பூசி விட்டேன்" என்றார்.