காற்றைக் கம்பியில் இறக்கும் கிள்ளான் துறைமுகம்

பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டு கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். ஷா ஆலம், கிள்ளான் எல்லாம் தாண்டிக் கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். 1972 வரை இதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். தோட்ட வேலைக்கு வந்த நம்மவர்கள் பலர் கரையேறிய துறை இது. ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் படகுப் பந்தயம் 1990-இல் தொடங்கியதும் இங்கேதான். பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில், பழைய கடாரத்துக் கடலில் அது முடிகிறது.

படகுகளுக்கு மின்வேலை செய்யும் தமிழர் ஒருவர் என்னைப் படகில் ஏற்றிக்கொண்டார். பாய்மர உச்சியில் மூன்று சிறு கிண்ணங்கள் சுழன்றன. பக்கத்தில் அம்பு போன்ற திசைகாட்டி. கிண்ணம் வேகத்தையும் அம்பு திசையையும் அளக்கின்றன. மரத்தின் உட்குழாய் வழியே கேபிள் இறங்கி, அடியில் படகின் முதுகெலும்புக் கம்பியோடு சேர்கிறது. என்எம்இஏ 2000 என்ற இந்த முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கிளை. கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடையம்.

"தம்பி, கரண்டை நிறுத்திட்டு மீட்டர வச்சுப் பாருங்க. அறுபது காட்டணும். நூத்திருபது காட்டினா ஒரு முனை விட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றார். வைத்தேன், அறுபது காட்டியது.

என்னை வியக்க வைத்தது அடுத்து அவர் சொன்ன கணக்கு. உச்சிக் கருவிக்குத் தெரிவது ஓடும் படகில் படும் காற்று மட்டுமே. பத்து நாட் (மணிக்குப் பத்து கடல்மைல்) காற்றை எதிர்த்து எஞ்சினில் ஆறு நாட் போனால் அது பதினாறு என்கும். அதே காற்றோடு போனால் நான்கு என்கும். படகின் அடியில் நீரோட்டத்தில் சுழலும் சிறு சக்கரம் படகின் வேகத்தைச் சொன்ன பிறகுதான் உண்மைக் காற்று திரையில் வரும். மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெலிந்து, அடிக்கடி திசை மாறும். விடியலுக்கு முன் 'சுமத்ரா' என்னும் புயல்மழை திடீரென்று அறையும். இங்கே அந்த எண் பிழைத்தால், பாயை எப்போது சுருக்குவது என்ற முடிவும் பிழைக்கும்.

காற்றறிந்து கலம் செலுத்திய சோழர் முன்னோரைப் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் போற்றியிருக்கிறார். அந்த அறிவு இன்று ஒரு தமிழரின் கையில் கம்பியாக ஓடுவதைக் கண்டு பெருமைப்பட்டேன்.

கோலாலம்பூர் போகிறவர்களே, பத்துமலையோடு திரும்பிவிடாதீர்கள். பந்தயம் நடக்கும் நவம்பரில் இந்தத் துறைமுகத்துக்கும் ஒருமுறை ரயிலேறி வாருங்கள்.