பேண்டல் சீஸ்

கொல்கத்தா போகிற நண்பர்களுக்கு ஒரு சிபாரிசு. நியூ மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி விற்கும் பழைய கடைகளில் "பேண்டல் சீஸ்" என்று கேளுங்கள். உள்ளங்கையில் நாலைந்து அடங்கும் சின்னச் சின்ன வில்லைகளாக எடுத்து வைப்பார்கள். வெள்ளையாக ஒன்று, புகையூட்டிப் பழுப்பேறிய ஒன்று. யோசிக்காமல் பழுப்பையே வாங்குங்கள்.

ஹூக்ளிக் கரையில் குடியேறிய போர்த்துகீசியர் வழி வந்த பண்டம் இது. பேண்டல் அவர்கள் இருந்த ஊர். ஆனால் இன்று பெரும்பாலும் தாரகேஸ்வர், பிஷ்ணுபூர் பக்கம்தான் இதைச் செய்கிறார்கள். பசும்பாலைத் திரியவைத்து, ஓட்டை போட்ட சின்னக் கலங்களில் வடித்து, தாராளமாக உப்பிட்டு, புகைமூட்டத்தில் வைத்து எடுப்பதோடு சரி.

அப்படியே வாயில் போட்டால் உப்பு ஆளைத் தூக்கிவிடும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் உதிர்த்துப் பாருங்கள். விரலில் விறகடுப்பு வாசனை ஒட்டிக்கொள்ளும். நாக்கில் முதலில் உப்பு, பிறகு லேசான புளிப்பு, கடைசியில் அந்தப் புகை. சூடான ஆம்லெட் மேல் தூவினால் வேறெதுவும் வேண்டாம். தக்காளி, வெங்காயம் நறுக்கிப் போட்டு ரொட்டியோடு சாப்பிட்டாலும் அமிர்தம்தான்.

ஒரு வில்லைபோல் இன்னொன்று இருக்காது. ஒன்றில் உப்பு தூக்கல், இன்னொன்றில் புகை. பிளாஸ்டிக் உறைக்குள் சதுரமாக வரும் சீஸில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது (பீட்சாவுக்கு அது போதும், சண்டைக்கு வராதீர்கள்).

செய்கிற குடும்பங்கள் கொஞ்சம்தான். கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் தொடர்ந்து செய்வார்கள். போனால் வாங்குங்கள், எனக்கும் ஒரு டஜன்.