அந்த வீடு படத்தில் இல்லை

கல்லைப் படம் எடுப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு என்ன கிறுக்கு வரும்? கண் விழித்தால் மலை. தெருமுனையில் டீ குடித்தால், கிளாஸுக்குப் பின்னால் மலை. 2,668 அடி உயரம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் எங்கே நின்று பார்த்தாலும் அதற்கு ஒரு புது முகம்.

காலை ஆறரை மணி வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் பாறைகளின் மடிப்பும் வெடிப்பும் எழுந்து நிற்கும். பத்து மணிக்கு மேல் எடுத்தால் எல்லாம் தட்டையாகி, ரேஷன் கார்டு போட்டோ மாதிரி ஆகிவிடும். மழை விட்ட நேரம் இன்னும் விசேஷம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி மொத்த மலையும் கறுத்து மினுங்கும்.

இந்தக் கிறுக்கு ஒருமுறை என்னை முட்டம் வரை இழுத்துக்கொண்டு போனது. ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் பார்த்தோமே, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற அதே முட்டம்தான். எங்கள் ஊரில் வானத்தைப் பார்த்து நிற்கிற பாறைகள், அங்கே கடலுக்குள் இறங்கி நின்றன. அலை வந்து மோதுகிற சத்தத்தில் காலடியில் கல்லே அதிர்ந்தது.

"மக்களே, பாசி பிடிச்ச பாறையில கால் வைக்காதீங்க. வழுக்கினா பிடிக்க ஆள் வராது" என்றார், வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். 2004 சுனாமியைப் பார்த்த கடற்கரை அது. மறுபேச்சுப் பேசாமல் தள்ளி வந்தேன்.

ட்ரைபாடை ஊன்றி, ஷட்டரை ரெண்டு செகண்ட் திறந்து வைத்தேன். அலையெல்லாம் புகையாக மாற, பாறைகள் மேகத்தில் மிதந்தன. நடுவில் வள்ளங்கள் வந்தன. அவை போகட்டும் என்று காத்திருந்தேன். குளிக்க வந்த பையன்களை, "கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா" என்றேன். எடுத்த படத்தைப் பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்க ஊரு மாதிரி இல்லியே... ஆளில்லாத தீவு மாதிரில்லா இருக்கு!"

சிரித்தேன். அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அந்தச் சொல் பல வருஷம் கழித்துத்தான் சுட்டது. 2024 டிசம்பர் 1-ம் தேதி. ஃபெஞ்சல் புயல் மழை விடாமல் கொட்டிய நாள். மலைச்சரிவில் மண் கரைந்து, பாறைகள் உருண்டு, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. ஏழு உயிர்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஊரே வாயடைத்துப் போனது. வல்லுநர்கள் வந்து மலையைச் சோதித்தார்கள். டிசம்பர் 13-ம் தேதி தீபத்துக்கு வழக்கம்போல் பக்தர்கள் மலை ஏற அனுமதியில்லை.

தீபம் முடிந்த வாரத்தில், எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அவர் வீடும் மலையடிவாரத்தில்தான்.

"தம்பி, நீ எப்பப் பாரு மலையத்தான போட்டோ புடிக்கிற... எங்க வூட்டுக்கு மேல ஒரு பெரிய கல்லு நிக்குது. அது முன்னாடியும் அங்கதான் இருந்துச்சா, இப்ப எறங்கி வந்துடுச்சான்னு பாத்துச் சொல்றியா? ராத்திரியில தூக்கமே வரலப்பா."

"இவ்ளோதானக்கா? இப்பவே பாத்துச் சொல்றேன்" என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பதினைந்து வருஷப் படங்கள். விடியலில் மலை, மேகம் மூடிய மலை, நிலா வெளிச்சத்தில் மலை. அவர் சொன்ன அந்தக் கல்கூட பல படங்களில் இருந்தது. ஆனால், அதற்குக் கீழே எதுவுமே இல்லை! தண்ணீர் டேங்க், கேபிள் வயர், கொடியில் காயும் புடவை... எல்லாம் அழகைக் கெடுக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் அடிப்பகுதியை நானே வெட்டியிருந்தேன். வீடு தெரியாதபோது, அதிலிருந்து கல் எவ்வளவு தூரம் என்று எப்படிச் சொல்வது?

"எங்க வூடு எங்க தம்பி?" என்றார் அக்கா.

பதில் சொல்ல முடியவில்லை.

ரெண்டு ராத்திரி தேடினேன். கடைசியில், வெளிச்சம் பார்ப்பதற்காகச் சும்மா தட்டிய ஒரு படம் கிடைத்தது. கோணலான படம். ஷீட் போட்ட கூரை, பக்கத்தில் ஒரு வேப்பமரம், மேலே அந்தக் கல். மறுநாள் காலை அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுத்து, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கல் நகர்ந்த மாதிரி தெரியவில்லை.

அக்கா பெருமூச்சு விட்டார். எனக்குத்தான் நிம்மதியில்லை. கல்லுக்கு அடியில் மண் எப்படி இருக்கிறது என்று எந்த கேமராவும் சொல்லாதே! "மழை பலமா வந்தா படத்த நம்பி உள்ளேயே இருந்துடாதீங்கக்கா. அதிகாரிங்க கிளம்பச் சொன்னா உடனே கிளம்பிடுங்க" என்றேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதே இடத்தில் போய் நிற்கிறேன். அதே உயரம், அதே லென்ஸ். கல்லும் வீடும் சேர்ந்தே விழுகிற மாதிரி எடுத்து, தேதி போட்டு, அக்காவுக்கு ஒரு பிரின்ட் கொடுத்துவிடுகிறேன்.

போன தடவை எடுக்கும்போது, அக்கா வாசலுக்கு வந்து துணி உதறிக்கொண்டிருந்தார். முன்பென்றால் அவர் உள்ளே போகட்டும் என்று காத்திருப்பேன்.

"அக்கா, அப்படியே நில்லுங்க" என்றேன்.